அங்காடியும் அவையும்

புதுவை நகரை ஒட்டிய சாரத்திலும் அதை அடுத்த ஊர்களிலும் இன்று காய்கறிக்கோ மளிகைக்கோ குறைவில்லை. தெருமுனைதோறும் கடைகள் பெருகிவிட்டன. ஆயினும் ஒரு கல்யாணத்துக்கு வெற்றிலைக் கட்டும் பூமாலையும் வாழையிலையும் வாங்க வேண்டுமானால், காமராஜர் சாலை வழியே நகருக்குள் சென்று, நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே விரிந்து கிடக்கும் பெரிய மார்க்கெட்டுக்குள் புகுந்து வந்தால்தான் இங்குள்ள குடும்பஸ்தர்களுக்கு மனம் நிறைகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கிராண்ட் பஜார் என்று வழங்கிய அந்த இடத்துக்குப் பின்னாளில், புதுவையின் முதல் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேரின் பெயர் சூட்டப்பட்டது. ஜனங்களுக்கு அது என்றும் பெரிய மார்க்கெட்தான். முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்நகரத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் கோட்டையையும் குவர்னர் மாளிகையையும் யுத்தங்களையும் பற்றி விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். அங்காடிக்கு அவர்கள் ஒதுக்கிய பக்கங்கள் மிகச் சில. ஆனால், இந்நகரத்துப் பிரஜைகளுக்கும் அவர்களை ஆண்டவர்களுக்கும் இடையே நிகழ்ந்த வியவகாரங்களில் பல அங்காடியின் நடுவிலேயே நிகழ்ந்தன என்பதையும், ஆளும் சபை அங்காடியை விட்டு எவ்வளவு தூரம் விலகிப் போயிற்றோ அவ்வளவுக்கு ஜனங்களுக்குக் கெடுதல் நேர்ந்தது என்பதையும் எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

இதை விளங்கிக்கொள்ள முதலில் கிரேக்க தேசத்து ஏதென்ஸ் நகரத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு வரவேண்டும். அக்ரோபொலிஸ் என்னும் குன்றின் வடமேற்கே, தாழ்ந்த சமவெளியில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பொது ஸ்தலமாக வகுக்கப்பட்ட அகோரா என்னும் அங்காடிக்குச் சுற்றிலும் எல்லைக்கற்கள் நடப்பட்டிருந்தன. யுத்தத்துக்குப் போகாமல் ஒளிந்தவன் முதலிய சில குற்றவாளிகள் அந்தக் கற்களைத் தாண்டி உள்ளே வரக்கூடாதென்று விதியும் இருந்தது. மீனும் எண்ணெயும் அத்திப்பழமும் விற்ற அந்த வெளியின் மேற்கு ஓரத்தில் ஐந்நூறு பேர் அடங்கிய ஆலோசனைச் சபையின் மண்டபம் நின்றது. அதன் அருகே வட்ட வடிவமான மற்றொரு மண்டபம் இருந்தது. ஐந்நூறு பேரில் ஐம்பது ஐம்பது பேராக, வருஷத்தைப் பத்துப் பங்கிட்டு முறைவைத்து, நகர நிர்வாகத்தை ஏற்றவர்கள் அந்த வட்ட மண்டபத்தில் பொதுச் செலவில் உண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியார் இரவிலும் அங்கேயே தங்கினார்கள். நகரத்துக்கெல்லாம் பிரமாணமான எடைக்கற்களும் அளவைப் பாத்திரங்களும் வைத்துக் காக்கப்பட்டது அதே மண்டபத்தில்தான் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எவர் கையில் ஆட்சி இருந்ததோ அவர் கண்ணெதிரே தராசும் இருந்தது.

அங்காடியைக் கண்காணிக்கப் பத்து அதிகாரிகள் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; ஐவர் நகரத்துக்கு, ஐவர் பிரேயுஸ் என்னும் துறைமுகத்துக்கு. சரக்கில் கலப்படம் இல்லாமல் பார்ப்பது அவர்கள் கடமை. எடையையும் அளவையையும் சோதிக்க வேறு பத்துப் பேர். தானிய விலைக்கும் மாவு விலைக்கும் ரொட்டி விலைக்கும் இடையே நியாயமான பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் சிலர். நாணயத்தைச் சோதிக்கவும் ஓர் ஏற்பாடு இருந்தது. கி.மு. 375ஆம் ஆண்டளவில் நிக்கோஃபோன் என்பவரின் பிரேரணையால் நிறைவேறிய சட்டமொன்று கல்லில் பொறிக்கப்பட்டு 1970இல் அகழ்வில் கிடைத்தது. பொது அடிமையாகிய ஒரு நாணயப் பரிசோதகன் அங்காடியில் நாணயம் மாற்றுவோரின் மேஜைகளுக்கிடையே தினந்தோறும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும், கள்ள வெள்ளியைக் கண்டால் அதை வெட்டிச் செல்லாக்காசாக்க வேண்டும் என்றும், கடமையில் தவறினால் அவனுக்கு ஐம்பது சவுக்கடி என்றும் அச்சட்டம் கூறுகிறது. அந்த ஐம்பது என்னும் தொகை பின்னால் நம் ஊர்க் கதையிலும் வரப்போகிறது.

புதிய சட்டங்களின் முன்வரைவும் படைக்கு அழைக்கப்பட்டவர்களின் பெயர்வரிசையும், ஏதென்ஸின் பத்துக் குலங்களுக்குரிய வீரர்களின் சிலைகள் நின்ற மேடையின் அடியில், போவோரும் வருவோரும் படிக்கும்படி பலகைகளில் எழுதித் தொங்கவிடப்பட்டன. நாடு கடத்தத் தக்கவனென்று தோன்றியவனின் பெயரைப் பானையோட்டில் கீறி ஜனங்கள் வாக்களித்ததும் அங்கேதான். கி.மு. 399இல் தம் மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குப் பதில் சொல்லச் சாக்ரடீஸ் வந்து நின்ற அதிகாரியின் மண்டபமும் அதே அங்காடியின் ஓரத்தில் இருந்தது. அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செருப்புத் தைப்பவர்களோடும் வியாபாரிகளோடும் வாலிபர்களோடும் சம்பாஷித்துக் கழித்த இடமும் அதுவே. ஜனசபை முழுவதும் கூடுவதற்கு இடம் போதாமல், சபை பிற்பாடு பினிக்ஸ் என்னும் குன்றுக்கு மாறியது உண்மை. ஆனால் அக்குன்றிலிருந்து இறங்கினால் சில நிமிஷங்களில் அங்காடி. இந்த ஏற்பாட்டைப் புகழும்போது அதன் குறையையும் மறைக்கலாகாது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அவையில் இடமில்லை. ரொட்டியும் மாலையும் விற்ற ஏழைப் பெண்கள் அங்காடியில் குரல் எழுப்பலாம், சபையில் எழுப்ப முடியாது. அங்காடியில் நின்றவர்களில் ஒரு பகுதியாரே அவைக்குள் நுழைந்தார்கள். இருந்தும் அவை செய்வது இன்னதென்று மற்றவர்களும் கண்ணால் காணக்கூடிய தூரத்தில் அது இருந்தது. இந்த அண்மைக்கே ஒரு பலன் உண்டென்பது என் துணிபு.

கிரேக்க தேசத்துக் கதை நமக்கு முற்றும் அந்நியமன்று. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலரும், அதன்பின் 1947 முதல் 1950 வரை கஸால் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அகழ்ந்தபோது, இத்தாலிய மட்கலங்களோடு மத்தியதரைக்கடல் நாட்டு மது ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் வெளிப்பட்டன. கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் பாணியைச் சேர்ந்தவை அவற்றுள் உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்கரையில் மணிக் கோவைகளை வாங்கிச் சென்ற யவன மாலுமிகளுள், தன் ஊர் அங்காடியில் சபையையும் சந்தையையும் ஒருசேரக் கண்டு வளர்ந்தவன் ஒருவனாவது இருந்திருக்கக் கூடாதா என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்தக் காலத்துத் தமிழ் நகரங்களின் அங்காடி எப்படி இருந்தது? மதுரைக் காஞ்சி மதுரையின் பகற்கடைகளையும் இரவுக்கடைகளையும் கொடிகளோடு நமக்குக் காட்டுகிறது. ஆனால் நகர அமைப்பில் அங்காடிக்குரிய இடத்தைத் தெளிவாகச் சொல்வது சிலப்பதிகாரமே. காவிரிப்பூம்பட்டினம் இரு பகுதியாக இருந்தது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனரும் பரதவரும் கைவினைஞரும் வியாபாரிகளும் குடியிருந்தனர். உள்ளே தள்ளியிருந்த பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருங்குடி வணிகரின் மாடங்களும் அந்தணர் மனைகளும் இருந்தன. இந்த இரண்டு பாக்கங்களுக்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த சோலையின் நிழலில், நாளங்காடி கூடியது. நகரத்தைக் காக்கும் பூதத்தின் பீடமும் அங்கேதான். இந்திர விழாவின் தொடக்கத்தில் முதற் பலி பெற்றது அந்தப் பூதமே. பொய்ச்சாட்சி சொல்பவரையும் கள்ள வேடத்தாரையும் தண்டிக்கும் பூதசதுக்கம் முதலிய ஐந்து மன்றங்களும் அந்நகரத்தில் இருந்தனவென்று இளங்கோ சொல்வதில் கற்பனை மிகுதி என்று தள்ளினாலும், வியாபார நகரமொன்றில் நேர்மைக்குப் பொதுவெளியில் காவல் வேண்டும் என்ற கருத்தைத் தள்ள முடியாது. பூம்புகாரை வகுத்தவர்கள் இரண்டு ஜனப்பகுதிகளுக்கும் நடுவில் அங்காடியை வைத்தார்கள். இரு பாக்கத்தாரும் தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கும்படி செய்தார்கள்.

புதுச்சேரியை வகுத்தவர்கள் அந்த நடுவிடத்தில் ஒரு வாய்க்காலை வைத்தார்கள்.

1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் காலை ஊன்றினார். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் வசம் இருந்தது. நேர் நேராகத் தெருக்கள் வெட்டிக்கொள்ளும் அமைப்புக்கு அவர்கள் வரைந்த படமே அடிப்படையாயிற்று. கடற்கரை ஓரத்தில் கோட்டையும் வெள்ளையர் வீதிகளும்; மேற்கே, வாய்க்காலுக்கு அப்பால், செட்டித் தெருவும் கோமுட்டித் தெருவும் வைசியாள் தெருவும் வெள்ளாளர் தெருவும் கொசக்கடைத் தெருவுமாகத் தமிழர் பகுதி. பஜார் இந்த மேற்குப் பகுதியின் நடுவே அமைந்தது. ஆலோசனைச் சபையோ கிழக்கே, கோட்டைப் பக்கம். ஏதென்ஸில் ஒரே வெளிக்குள் இருந்தவை இங்கே ஆரம்பத்திலேயே இரண்டு கூறாகப் பிரிந்துவிட்டன.

பிரிந்தபோதிலும், பஜார் இல்லாமல் கோட்டையால் ஆளமுடியவில்லை. இதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் தறுவாய் வரை அவர் எழுதிவைத்த குறிப்புகளைப் படிக்கிறவர், குவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக அவர் காலையில் கோட்டைக்குப் போவதையும், அங்கே குவர்னரோடு பேசியதையும், பிறகு தம் பாக்குக் கிடங்குக்கு வந்து அமர்வதையும் மீண்டும் மீண்டும் காண்பார். அந்தப் பாக்குக் கிடங்கு ஒரு சரக்கறை என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. துணி வியாபாரிகள் கணக்கோடும், சாதித் தலைவர்கள் வழக்கோடும், ஒற்றர்கள் ஆர்க்காட்டுச் செய்தியோடும், கப்பல் எப்போது வருமென்று கேட்பவர்கள் கவலையோடும் அங்கே வந்து கூடினார்கள். சபைக்குள் புகமுடியாத தமிழர்களுக்கு அந்தக் கிடங்கே சபையாயிற்று. அவருடைய வீடும் அங்காடியை அடுத்த வீதியில்தான். இன்றும் அவர் பெயரையே அந்த வீதி தாங்கி நிற்கிறது. கோட்டையில் ஒரு கட்டளை பிறந்தால், அது தம்பட்டம் அடித்துக் கடைத்தெருவில் சொல்லப்பட்ட பின்பே ஊருக்குக் கட்டளையாகும். 1736இல் வெள்ளி ரூபாய் அடிக்கும் உரிமை புதுச்சேரிக்குக் கிடைத்தபோது, அந்த ரூபாயின் மதிப்பை நிலைநிறுத்தியவர்கள் கோட்டைக்குள் இருந்த அக்கசாலைக்காரர்கள் மட்டுமல்லர். நாணயத்தைத் தட்டிப் பார்த்து வட்டம் சொன்ன சராப்புகளும்தான்.

அதிகாரம் தன் கடுமையைக் காட்டத் தேர்ந்துகொண்ட இடமும் பஜாரே. கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளை 1716இல் கைது செய்யப்பட்டார். குவர்னர் எபேரின் பகையும் ஏசுசபைப் பாதிரிமாரின் தூண்டுதலும் அந்த வழக்கின் பின்னால் இருந்தன. அவருக்குக் கிடைத்த தண்டனை: பெரிய பஜாரில், ஜனங்கள் காண, ஐம்பது சவுக்கடி, மூன்று வருஷச் சிறை, பெருந்தொகை அபராதம். மறு ஆண்டே அவர் சிறையில் மாண்டார். ஏதென்ஸில் ஐம்பது அடியென்று விதித்த சட்டம், காசைச் சரியாகச் சோதிக்காத ஊழியனுக்கு. அது முன்கூட்டியே கல்லில் எழுதி எல்லோரும் படிக்கும்படி நிறுத்தப்பட்டிருந்தது. இங்கே நைனியப்பப் பிள்ளையின் வழக்கு மூடிய கதவுக்குப் பின்னால், அவருக்குத் தெரியாத பாஷையில் நடந்தது. தண்டனைக்கு மட்டும் அங்காடி தேவைப்பட்டது. விசாரணையைக் காண உரிமையற்ற ஜனங்களைத் தண்டனையைக் காண மட்டும் அழைப்பது அநீதியில் மிகக் கொடிய வகை. அவருடைய குமாரர் குருவப்பப் பிள்ளை பிரான்சு வரை சென்று முறையிட்டு, தீர்ப்பு தள்ளுபடியாகி, குடும்பத்தின் மானம் மீண்டது. அங்காடியில் அடிபட்ட பெயருக்கு வேறோர் உலகத்துத் தலைநகரில் போய்த்தான் நியாயம் வாங்க வேண்டியிருந்தது.

ஆயினும் தமிழர் வழக்குகளைத் தமிழரின் வழக்கப்படி தீர்த்துவைத்த ஒரு நியாயஸ்தலம் அந்நாளில் இருந்ததைச் சொல்லாமல் விட்டால் சரித்திரத்துக்குத் துரோகம் செய்தவனாவேன். சாவடிக் கோர்ட்டு என்று வழங்கிய அந்த மன்றத்தில் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நீதிபதிகளாக அமர்ந்தாலும், கடன், பாகம், சுவீகாரம், கல்யாணம் முதலிய விவகாரங்களில் இந்நாட்டு ஆசாரமே பிரமாணம். சாதிப் பெரியவர்களின் கருத்துக் கேட்கப்பட்டது. ஓலைகளும் சாட்சியங்களாக ஏற்கப்பட்டன. அதன் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகள் தொகுக்கப்பட்டு அச்சாகியுள்ளன. அவற்றைப் புரட்டினால், மாளிகைகளின் சரித்திரத்தில் ஒருநாளும் தலைகாட்டாத மனிதர்கள், தாய்வீட்டு நகைக்கு வழக்காடும் விதவையும் பங்காளியோடு சண்டையிடும் நெசவாளியும், தங்கள் துன்பத்தைச் சொல்லிக்கொண்டு நம்முன் வந்து நிற்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு முறைக் கோர்ட்டுகள் வந்ததும் சாவடி மறைந்தது.

1761இல் ஆங்கிலேயர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கியதும், பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து பழைய தெருக்களின் மேலேயே மறுபடி கட்டியதும் பலரும் அறிந்ததே. அடுத்த நூற்றாண்டில் நகரசபை என்னும் ஸ்தாபனம் பிறந்தது. ஆனால் அதன் மாளிகையாகிய மேரி கட்டடம் 1870ஐ ஒட்டிக் கட்டப்பட்டபோது எங்கே எழுந்தது? பஜாரின் அருகே அன்று. வாய்க்காலுக்குக் கிழக்கே, அலை ஓசை கேட்கும் கடற்கரையில். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்ததும், 2021இல் பழைய உருவத்திலேயே திரும்ப எழுந்ததும் நாம் கண்கூடாகக் கண்டவை. அழகான கட்டடம் என்பதில் சந்தேகமில்லை. அங்காடிக் கடைக்காரர்களிடம் அடிக்காசு வசூலிக்கும் குத்தகை அங்கே ஏலம் போயிற்று. அடிக்காசு கொடுத்தவர்கள் வாய்க்காலுக்கு இப்பாலே இருந்தார்கள்.

1880ஆம் ஆண்டின் ஆணை புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகிய இடங்களில் கொம்யூன் சபைகளை ஏற்படுத்தியது. சாரம் உழவர்கரைக் கொம்யூனில் அடங்கியது. நகரத்தைச் சுற்றிய புல்வாருக்கு வெளியே, ஏரிப் பாசனமும் வயலுமாக இருந்த ஊர்களுக்கு அன்று கிடைத்த வாக்குரிமை சிறிய காரியமன்று. ஆனால் அந்த வாக்குரிமையிலும் வாய்க்கால் ஓடியது. 1884 முதல் வாக்காளர் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஐரோப்பியருக்கு ஒன்று, தம் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சாந்துகளுக்கு ஒன்று, மற்ற இந்தியர் அனைவருக்கும் ஒன்று. ஒரே கூடையில் கைவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கியவர்கள் மூன்று பெட்டிகளில் வாக்குப் போட்டார்கள். மிகச் சிறிய கூட்டத்தின் பட்டியலுக்கு மிகப் பெரிய கூட்டத்தின் பட்டியலுக்குச் சமமாக ஆசனம் என்பது எந்தத் தராசிலும் நிற்காத எடை.

இத்தனைக் குறைகளோடும் அந்தச் சபைகள் ஒரு மகத்தான காரியத்தைச் செய்தன. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடி, பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு இணைய வேண்டுமா என்று வாக்களித்த 178 பேர் பிரதிநிதி சபையாரும் கொம்யூன் சபையாருமே. 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தனர். எந்தச் சபையாரின் வாக்கினால் இந்த நாட்டின் தலைவிதி தீர்ந்ததோ, அந்தச் சபைகளுக்கே விடுதலைக்குப் பின் வந்த கதி வருந்தத்தக்கது. 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 2006இல்தான் நடந்தது. முப்பத்தெட்டு வருஷ இடைவெளி. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் நகராட்சி மீண்டும் அதிகாரிகளின் கைக்கே போயிற்று.

பெரிய மார்க்கெட்டின் இன்றைய நிலையை இந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வைத்திக்குப்பத்திலிருந்தும் வம்பாகீரப்பாளையத்திலிருந்தும் மீன்கூடையோடு வரும் பெண்கள், மூன்று தலைமுறையாக ஒரே பலகையில் அமர்ந்து பூக்கட்டும் குடும்பங்கள், வெற்றிலைக் கவுளியை விரலால் எண்ணாமல் கண்ணால் எண்ணும் கிழவர்கள், நெருங்கிய சந்துகள், மழை பெய்தால் கணுக்காலளவு நிற்கும் சேறு, நடுவே உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மகாத்மா காந்தி வீதி நெடுகத் துணியும் பாத்திரமும் பழைய புத்தகமும் விரித்துச் சண்டே மார்க்கெட் என்று ஓர் அங்காடி தானாகவே முளைக்கிறது. பொலிவுறு நகரத் திட்டத்தின் கீழ் பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனை எழுந்தபோது, வியாபாரிகள் ஒரேயடியாக வெளியேற இசையாமல், பகுதி பகுதியாகக் கட்டித் தரும்படி கேட்டுப் போராடினார்கள். புதுக் கட்டடம் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. சாக்கடையும் கூரையும் சீர்ப்பட வேண்டும் என்பதை அந்தச் சேற்றில் நிற்கிறவர்களைவிட யார் அதிகம் அறிவார்? வெளியே போனால் திரும்பி வரும்போது தம் பலகை தமக்கே கிடைக்குமா என்பதுதான் அவர்கள் பயம். அந்தப் பயத்தை எடுத்துச் சொல்லித் தீர்மானம் பெறுவதற்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருந்திருந்தால், தெருவில் இறங்க வேண்டிய அவசியம் வந்திராது.

ஏதென்ஸின் அகோராவை 1931 முதல் அமெரிக்க அறிஞர்கள் அகழ்ந்தபோது, அதன் மேல் பல நூற்றாண்டுகளாகக் குடியிருந்த ஒரு பேட்டையின் நூற்றுக்கணக்கான வீடுகளை அகற்ற நேர்ந்தது. பெர்காமோன் அரசன் அட்டாலஸ் அன்பளிப்பாகக் கட்டித் தந்த, இரு தட்டுகளிலும் கடைவரிசை கொண்ட நெடுமண்டபம் 1956இல் மறுபடி எழுப்பப்பட்டுக் காட்சிசாலையாயிற்று. அங்கே இனி யாரும் மீன் விற்கப் போவதில்லை. நம் அங்காடிக்கு அந்தக் கதி நேரவில்லை, அது உயிரோடிருக்கிறது. ஆகவே அதைத் திருத்திக் கட்டுகிறவர்களுக்கு நான் விடுக்கும் விண்ணப்பம் இதுதான்: அங்கே விற்கிறவர்களை அங்கேயே வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முடிந்தபின் மறுபக்கமென்று கட்டுங்கள், மணிக்கூண்டின் அடியில், வாங்கினவர் தம் பொருளைத் தாமே நிறுத்துப் பார்க்க முத்திரையிட்ட தராசொன்றைப் பொதுவில் வையுங்கள், அடிக்காசு இவ்வளவென்றும் குத்தகைதாரர் இன்னாரென்றும் தமிழில் எழுதிய பலகையை அதன் பக்கத்தில் மாட்டுங்கள், நகரசபை மாதத்துக்கு ஒரு தடவையாவது கடற்கரை மாளிகையை விட்டு வந்து கூடுவதற்கு அங்கே ஒரு கூடம் எழுப்புங்கள். கூடத்தில் உட்காரச் சபை வேண்டும். அதற்கு முதலில் தேர்தலை நடத்துங்கள்.